கண் நின்றால் குறி நிற்குமா?

2024 ஜூலை 30 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கின் 10 மீட்டர் ஏர் பிஸ்டல் கலப்பு அணிப் பிரிவில் மனு பாக்கரும் சரப்ஜோத் சிங்கும் வெண்கலம் வென்றார்கள். அதே போட்டியில் வெள்ளி வாங்கிய துருக்கிக்காரர் யூசுஃப் டிகெச்சின் படம் உலகத்தையே ஒரு சுற்று சுற்றி வந்தது. நரைத்த தலை, டி-ஷர்ட், பேப்பர் படிக்கப் போடுகிற மாதிரியான மூக்குக்கண்ணாடி, பேன்ட் பாக்கெட்டுக்குள் இடது கை. ஒரு கண்ணுக்கு மறைப்பும் இன்னொரு கண்ணுக்குத் தனி லென்ஸும் மாட்டிக்கொண்டு வீரர்கள் நிற்கிற இடத்தில் இப்படி ஒரு மனிதர். மீம் போட்டவர்கள் அவருடைய அலட்சியத்தைக் கொண்டாடினார்கள். துப்பாக்கி பிடித்துப் பழகியவர்களின் கண்ணில் பட்டது வேறொன்று. அவருடைய இரண்டு கண்களும் திறந்திருந்தன.

அந்தக் கண்கள் எதைப் பார்த்துக்கொண்டிருந்தன என்று கேட்டால், இலக்கை என்றுதான் நம்மில் பெரும்பாலோர் சொல்வோம். பிஸ்டல் பயிற்சியாளர் ஒத்துக்கொள்ள மாட்டார். பத்து மீட்டருக்கு அப்பால் இருக்கும் இலக்கில் 10 புள்ளிக்கான வட்டத்தின் குறுக்களவு 11.5 மில்லிமீட்டர். நீட்டிய கையில் இருக்கும் பிஸ்டலின் முன்குறியும் அந்த வட்டமும் ஒரே நேரத்தில் கண்ணுக்குத் துல்லியமாகத் தெரியாது. ஒன்று தெளிந்தால் மற்றது மங்கும். தேர்ந்தவர் முன்குறியைத் தெளிவாக வைத்துக்கொண்டு இலக்கை மங்க விடுகிறார். முன்குறி பின்குறியோடு ஒரு மில்லிமீட்டர் பிசகினால் இலக்கில் ஏறக்குறைய மூன்று சென்டிமீட்டர் பிசகிவிடும். கை மொத்தமாக ஒரு மில்லிமீட்டர் பக்கவாட்டில் நகர்ந்தால் இலக்கிலும் ஒரு மில்லிமீட்டர்தான் நகரும். எந்தப் பிசகு பெரிதாக வளருமோ, கண் அங்கே காவல் நிற்கிறது.

ஆக, ‘இலக்கைப் பார்’ என்பது எல்லா விளையாட்டுக்கும் பொருந்துகிற அறிவுரை இல்லை. எதைப் பார்ப்பது, எப்போது பார்ப்பது, எவ்வளவு நேரம் பார்ப்பது, எப்போது விட்டுவிடுவது என்று கேள்வி நாலாகப் பிரிகிறது. விளையாட்டு அறிவியலில் முப்பது ஆண்டுகளுக்கு மேலாக இந்த நாலுக்கும் விடை தேடுகிறார்கள். நிறைய கண்டுபிடித்திருக்கிறார்கள். கண்டுபிடித்ததற்குச் சொல்லும் காரணத்தில்தான் இன்னும் அடிதடி.

கண்ணின் இயல்பிலிருந்து தொடங்கலாம். நாம் கூர்மையாகப் பார்க்கிற பரப்பு மிகச் சிறியது. விழித்திரையின் நடுவில் உள்ள மையக்குழியில் விழுகிற பிம்பம் மட்டுமே நுணுக்கமாகத் தெரியும். கையை நீட்டிக் கட்டைவிரலை உயர்த்தினால், அந்த நகத்தின் அகலம் ஏறக்குறைய இரண்டு பாகை. அவ்வளவுதான் நமக்கு வாய்த்த கூர்மை. மற்றதையெல்லாம் கண் தாவித் தாவிச் சேகரிக்கிறது, விநாடிக்கு மூன்று தாவல் என்ற கணக்கில். தாவுகிற அந்தக் கணத்தில் மூளை பார்வையைக் கிட்டத்தட்ட அடக்கிவிடுவதால் உலகம் குலுங்குவது நமக்குத் தெரிவதில்லை. சும்மா இருக்கும்போதே இப்படி அலைகிற உறுப்பு இது. அதை ஒரே இடத்தில் கொஞ்ச நேரம் பிடித்து நிறுத்துவதற்கும் குறி தப்பாமல் இருப்பதற்கும் தொடர்பு உண்டா?

கனடாவின் கால்கரி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஜோன் விக்கர்ஸ் இதை அளக்கக் கிளம்பினார். 1992இல் கோல்ஃப் வீரர்களைப் பற்றி அவருடைய ஆய்வு வந்தது. 1996இல் வந்த கூடைப்பந்து ஆய்வுதான் பெரிதாகப் பேசப்பட்டது. ஃப்ரீ த்ரோவை அவர் தேர்ந்தெடுத்ததற்கு நல்ல காரணம் இருந்தது. யாரும் மறிக்க மாட்டார்கள். தூரம் மாறாது: 4.6 மீட்டர். வளையத்தின் உயரமும் மாறாது: 3.05 மீட்டர். பந்து 24 சென்டிமீட்டர், வளையம் 45 சென்டிமீட்டர். எறிபவருக்கும் வளையத்துக்கும் நடுவில் வேறெதுவும் குறுக்கிடாததால், கண்ணை மட்டும் பிரித்து ஆராய இதைவிடத் தோதான இடம் கிடைக்காது. அந்தக் காலத்துக் கண்ணசைவுப் பதிவுக் கருவியைத் தலையில் சுமந்துகொண்டு பெண் வீராங்கனைகள் எறிந்தார்கள். கண்ணின் படமும் உடலசைவின் படமும் ஒன்றாகப் பதிவாயின.

நன்றாக எறிபவர்கள், கை மேலெழும் கடைசி அசைவு தொடங்குமுன் வளையத்தின் ஓரிடத்தில் பார்வையை நிறுத்தினார்கள். அவர்களுடைய பந்து கூடையில் விழுந்த எறிகளில் அந்த நிறுத்தம் ஒரு விநாடியை நெருங்கியது. சுமாராக எறிபவர்களிடம் அதில் பாதிகூட இல்லை. அவர்களும் வளையத்தைத்தான் பார்த்தார்கள். ஆனால் முன்விளிம்பு, பின்பலகை, மறுபடி விளிம்பு என்று கண் சுற்றிக்கொண்டே இருந்தது. இந்தக் கடைசி நிறுத்தத்துக்கு விக்கர்ஸ் ‘குவைட் ஐ’ என்று பெயர் வைத்தார். இந்தக் கட்டுரையில் நிலைப்பார்வை என்று சொல்லிக்கொள்வோம். அதற்கு அவர் கொடுத்த வரையறை கறாரானது: முக்கியமான அசைவு தொடங்குவதற்கு முன் ஆரம்பித்திருக்க வேண்டும், மூன்று பாகைக்குள் நிற்க வேண்டும், குறைந்தது 100 மில்லிவிநாடி நீடிக்க வேண்டும்.

அந்த ஆய்வில் இன்னொரு விஷயமும் இருந்தது. தேர்ந்த வீராங்கனைகள் பந்து கையை விட்டுப் போகும்வரை வளையத்தை வெறித்துக்கொண்டிருக்கவில்லை. பந்து முகத்துக்கு முன்னால் எழும்பியதும் கண்ணைச் சிமிட்டினார்கள், அல்லது வேறு பக்கம் திருப்பினார்கள். வேண்டிய தகவல் உள்ளே போயாகிவிட்டது. இனி வருவது பந்து மறைக்கிற குழப்பமான காட்சி, அது வேண்டாம் என்று கண் கதவைச் சாத்திக்கொள்வதாக விக்கர்ஸ் விளக்கினார். 1991 நவம்பர் 23இல் டென்வர் அணிக்கு எதிரான ஆட்டத்தில், புதுமுகமாக வந்திருந்த டிகெம்பே முடோம்போவைச் சீண்டுவதற்காக மைக்கேல் ஜோர்டன் கண்ணை மூடிக்கொண்டு ஒரு ஃப்ரீ த்ரோ எறிந்தார். உள்ளே போனது. அதைப் பார்த்தவர்கள் மாயம் என்றார்கள். விக்கர்ஸின் கண்ணோட்டத்தில் மாயம் எதுவுமில்லை. மூடுவதற்கு முன் அவர் பார்த்திருந்தார்.

ஆனால் ஆம்ஸ்டர்டாமில் ரவுல் அவ்தெயான்ஸும் கூட்டாளிகளும் இதற்கு நேரெதிரான ஒன்றைக் கண்டார்கள். 2002இல் வெளிவந்த சோதனையில், நினைத்த கணத்தில் ஒளி புகாதபடி மங்கக்கூடிய திரவப்படிகக் கண்ணாடியை வீரர்களுக்கு மாட்டி, எம்பி எறியும் ஜம்ப் ஷாட்டைச் சோதித்தார்கள். முதலில் பார்க்க விட்டுக் கடைசியில் மறைத்தபோது குறி மோசமாகத் தப்பியது. முதலில் மறைத்து, பந்தை விடுவதற்கு முந்தைய சில நூறு மில்லிவிநாடிகள் மட்டும் பார்க்க விட்டபோது, முழுதாகப் பார்த்து எறிந்த அளவுக்கே எறிந்தார்கள்.

இரண்டும் ஒரே விளையாட்டு, விடை மட்டும் தலைகீழ். அவ்தெயான்ஸ் குழுவின் அடுத்தடுத்த ஆய்வுகளைப் படித்தால் முடிச்சு ஓரளவு அவிழ்கிறது. சிலர் பந்தை முகத்துக்குக் கீழிருந்து உயர்த்தி அதே வேகத்தில் விட்டுவிடுகிறார்கள். அவர்களுக்குப் பந்து பார்வையைக் கடைசியில்தான் மறைக்கும். சிலர் பந்தை முதலிலேயே தலைக்கு மேல் கொண்டுபோய், அதன் அடியில் தெரிகிற இடைவெளி வழியாக வளையத்தைப் பார்த்து எறிகிறார்கள். அவர்களுக்குக் கடைசிக் கணம்வரை பார்வை திறந்திருக்கும். உடம்பு எப்போது வழி விடுகிறதோ அப்போது கண் பார்த்துக்கொள்கிறது. இந்தத் துறையின் ஆய்வுகளில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி இதுதான். கண்ணை உடம்பிலிருந்து தனியே பிரித்து வைத்துப் பேச முடியாது என்பதை இதைவிடத் தெளிவாக வேறெதுவும் காட்டவில்லை.

விக்கர்ஸ் கொடுத்த வரையறையை எடுத்துக்கொண்டு மற்றவர்கள் ஒவ்வொரு விளையாட்டாகப் போனார்கள். ரைஃபிள், பலகையில் சிற்றம்பு எறியும் டார்ட்ஸ், பில்லியர்ட்ஸ், களிமண் தட்டுச் சுடுதல் என்று பட்டியல் நீண்டது. மார்க் வில்லியம்ஸ் குழுவின் பில்லியர்ட்ஸ் ஆய்வில் (2002), அடி கடினமாக ஆக ஆகத் தேர்ந்தவரின் நிலைப்பார்வையும் நீண்டது. நேரத்தைச் சுருக்கிக் கொடுத்தபோது தேர்ந்தவர், கற்றுக்குட்டி இருவருக்குமே குறி தப்பியது. நம்மூர்க் கேரம் பலகைக்கு மிக அருகில் வருவது இந்த ஆய்வுதான். அங்கேயும் இங்கேயும் இலக்கு ஒன்றில்லை. ஸ்ட்ரைக்கர், அது காயைத் தொட வேண்டிய இடம், காய் விழ வேண்டிய பாக்கெட் என்று மூன்று இடங்களுக்கு நடுவே கண் போய்வர வேண்டும். போய்வந்த பிறகு ஓரிடத்தில் நிற்க வேண்டும். இரண்டு முறை உலக சாம்பியனான சென்னை மரிய இருதயம் முதல் 2024இல் அமெரிக்காவில் உலகக் கோப்பை வென்று திரும்பிய காசிமா வரை, சென்னையின் சந்துகளில் ஊறிய ஒரு திறமை இது. கருவியைத் தலையில் மாட்டிக்கொண்டு உட்கார இதைவிடச் சௌகரியமான ஆட்டமும் கிடையாது.

பறக்கிற இலக்கில் கதை கொஞ்சம் மாறுகிறது. புதுக்கோட்டையைச் சேர்ந்த பிரித்விராஜ் தொண்டைமான் பாரிஸில் கலந்துகொண்ட ட்ராப் பிரிவில், வீரருக்கு முன்னால் தரைமட்டத்திலிருந்து தட்டு சீறிக்கொண்டு கிளம்பும். எந்தக் கோணத்தில் கிளம்பும் என்று முன்கூட்டித் தெரியாது. ஒரு விநாடிக்கும் குறைவான நேரத்தில் சுட்டாக வேண்டும். ஒரு விநாடி நின்று பார்க்க அங்கே ஏது நேரம்? ஜோ காஸர் தலைமையில் 2010இல் வந்த ஆய்வு ட்ராப், டபுள் ட்ராப், ஸ்கீட் மூன்றையும் எடுத்துக்கொண்டது. சிறந்தவர்களின் கண் தட்டைச் சீக்கிரமே பிடித்துக்கொண்டது. பிடித்த பிறகு விடாமல் தொடர்ந்தது. துப்பாக்கிக் குழலின் அசைவும் அளவாக இருந்தது. கண் முந்திக்கொண்டதால் கைக்கு அவசரம் குறைந்தது. நின்று பார்க்க முடியாத இடத்தில், முந்திப் பார்ப்பதே நிலைப்பார்வையின் வேலையைச் செய்கிறது.

கிரிக்கெட்டில் மட்டை பிடிப்பவரின் வேலை குறிவைப்பதைவிட எதிர்கொள்வது என்பதால் அதை இங்கே நீட்ட விரும்பவில்லை. ஒன்றை மட்டும் சொல்லிவிடலாம். ‘பந்தையே பாருடா’ என்று கேலரியிலிருந்து கத்துகிறோமே, மட்டையாளர்கள் அப்படிச் செய்வதில்லை என்று மைக்கேல் லேண்டும் பீட்டர் மெக்லியோடும் 2000இல் காட்டினார்கள். பந்து கையை விட்டதும் கொஞ்சம் பார்த்துவிட்டு, அது குத்தி எழும்பப் போகும் இடத்துக்குக் கண் முன்கூட்டியே தாவிப் போய்க் காத்திருக்கிறது. நல்ல ஆட்டக்காரருக்கு அந்தத் தாவல் சீக்கிரம் வருகிறது.

சிதறிக் கிடந்த இந்த ஆய்வுகளை மொத்தமாகக் கூட்டிப் பார்க்கவும் சிலர் முனைந்தார்கள். 2007இல் வந்த ஒரு தொகுப்பாய்வு, திறமைசாலிகள் குறைவான இடங்களில் அதிக நேரம் பார்க்கிறார்கள் என்று பொதுவாகச் சொன்னது. 2016இல் வந்த இன்னொன்று நிலைப்பார்வையை மட்டும் எடுத்துக்கொண்டது. தேர்ந்தவருக்கும் கற்றுக்குட்டிக்கும் இடையே வித்தியாசம் பெரிது. ஒரே ஆளின் குறி பட்ட அடிக்கும் தப்பிய அடிக்கும் இடையே வித்தியாசம் இருக்கிறது, ஆனால் அவ்வளவு பெரிதில்லை. இந்த இரண்டாவது வாக்கியத்தை வாசகர் மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. திறமைக்கும் நிலைப்பார்வைக்கும் இருக்கிற உறவு, ஒரு குறிப்பிட்ட அடியின் வெற்றிக்கும் நிலைப்பார்வைக்கும் இருக்கிற உறவைவிட வலுவானது. பத்து வருடம் பழகியவரிடம் எத்தனையோ மாறியிருக்கும், கண்ணும் மாறியிருக்கிறது.

நெருக்கடி என்று வரும்போதுதான் இந்த ஆராய்ச்சிக்கு உண்மையிலேயே உயிர் வருகிறது. பனிச்சறுக்கும் ரைஃபிளும் சேர்ந்த பயத்லான் விளையாட்டில், மூச்சிரைக்க வந்து நின்று 50 மீட்டர் தூரத்து இலக்கைச் சுட வேண்டும். நின்று சுடும்போது இலக்கு 115 மில்லிமீட்டர்; படுத்துச் சுடும்போது 45. விக்கர்ஸும் வில்லியம்ஸும் 2007இல் கனடா வீரர்களை உடலின் உச்ச உழைப்புவரை படிப்படியாகக் கொண்டுபோய்ச் சுடச் சொன்னார்கள். ஒரு கட்டத்தில், தேர்வுக்கு இது கணக்கில் வரும் என்ற அழுத்தத்தையும் சேர்த்தார்கள். இதயம் படபடக்க, மனமும் படபடக்க, பலர் கோட்டை விட்டார்கள். அந்த உச்சத்திலும் நிலைப்பார்வையைக் குறைக்காமல் நீட்டிக்கொண்டவர்கள் தப்பித்தார்கள்.

கால்பந்துப் பெனால்டியைப் பாருங்கள். 11 மீட்டர் தூரம், 7.32 மீட்டர் அகலம், 2.44 மீட்டர் உயரம். ஓங்கி உதைத்தால் அரை விநாடிக்குள் பந்து கோட்டைக் கடந்துவிடும். கணக்குப்படி பார்த்தால் கோலிக்கு வாய்ப்பே குறைவு. இருந்தும் உலகத் தர வீரர்கள் தவறவிடுகிறார்கள். எக்ஸிடர் பல்கலைக்கழகத்தின் மார்க் வில்சனும் கிரெக் உட்டும் பெனால்டி அடிப்பவர்களின் கண்ணைப் பதிவு செய்தபோது, பதற்றம் ஏறியதும் பார்வை கோலியிடம் சீக்கிரமே போய், அங்கேயே ஒட்டிக்கொண்டது. கண் போன இடத்துக்குக் காலும் போனது. பந்துகள் நடுவை நோக்கி, கோலியின் கைக்கு எட்டும் தூரத்தில் போயின. கோலி கையை ஆட்டி ஆடினால் பாதிப்பு இன்னும் கூடியது. ஆபத்தாகத் தோன்றுவதன் பக்கம் கவனம் இழுபடும் என்பது உளவியலில் பதற்றம் குறித்த பழைய பாடம். மைதானத்தில் அந்த ஆபத்துக்குக் கையுறை மாட்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

கோலிகள் இதை ஆய்வுக்கூடத்துக்குப் போகாமலே தெரிந்துவைத்திருந்தார்கள். 1984 ஐரோப்பியக் கோப்பை இறுதியில், ரோமா அணியின் சொந்த மைதானத்திலேயே, லிவர்பூல் கோலி புரூஸ் குரோபலார் காலிரண்டும் துவண்டவர்போல் தள்ளாடிக் காட்டினார். கோண்டியும் கிராட்சியானியும் பந்தை மேலே அடித்தார்கள். 2005இல் இஸ்தான்புல்லில் யெர்சி டூடெக் அதே வித்தையைப் புதுப்பித்தார். லிவர்பூல் மறுபடி ஜெயித்தது. ஒரு தள்ளாட்டத்தால்தான் கோப்பை வந்தது என்று சொல்ல முடியாது. ஆனால் அடிப்பவரின் கண் தன் மேல் விழ வேண்டும் என்று கோலி விரும்புவதற்கு நியாயம் இருக்கிறது.

கோலியைப் பார்ப்பதே தப்பு என்றும் முடிவு கட்டிவிட வேண்டாம். இத்தாலியின் ஜோர்ஜினியோ ஒரு சின்னக் குதி குதித்து, கோலி எந்தப் பக்கம் சாய்கிறார் என்று கடைசிவரை பார்த்து, மறுபக்கம் தட்டிவிடுவார். 2021 கோடையில் நடந்த, நாடுகளுக்கான ஐரோப்பியக் கோப்பையின் அரையிறுதியில் ஸ்பெயினுக்கு எதிராகத் தீர்மானமான அடி அவருடையது. இறுதியில் இங்கிலாந்தின் பிக்ஃபோர்டு அதைத் தடுத்துவிட்டார். கோலியைப் படிக்கப் பார்ப்பதும், பயந்துபோய்ப் பார்ப்பதும் கருவியில் ஒரே புள்ளியாகத்தான் பதிவாகும்.

சரி, இதைச் சொல்லிக்கொடுக்க முடியுமா? விக்கர்ஸ், ஒரு பெண்கள் பல்கலைக்கழகக் கூடைப்பந்து அணிக்குக் கொடுத்த பயிற்சி நடைமுறை இது. கோட்டில் நின்று பந்தை மூன்று முறை தட்டு. தட்டும்போதே மனசுக்குள் ஒரு சின்னச் சொற்றொடர். பந்தை எறிகிற நிலையில் பிடித்து, வளையத்தில் ஒரே ஒரு இடத்தில் ஒரு விநாடியோ கொஞ்சம் கூடவோ பார்வையை நிறுத்து. பிறகு தயங்காமல் சீராக எறி. 2001இல் வெளியான முடிவின்படி, இரண்டு பருவங்களில் அந்த அணியின் ஃப்ரீ த்ரோ வெற்றி 54 சதவீதத்திலிருந்து 76 சதவீதத்துக்கு ஏறியது. சாமுவேல் வைனும் வில்சனும் தேர்ந்த கோல்ஃப் வீரர்கள் 22 பேரைக் கொண்டு 2011இல் செய்த ஆய்வில், நிலைப்பார்வைப் பயிற்சி பெற்றவர்களுக்கு ஒரு சுற்றுக்குச் சராசரியாக 1.9 ‘பட்’ குறைந்தது. கோல்ஃபில் தரையோடு உருட்டிக் குழியில் தள்ளும் அந்த அடியில், ஒரு சுற்றுக்கு இரண்டு மிச்சம் என்றால் போட்டியின் தலைவிதியே மாறும்.

எண்கள் கவர்ச்சியாகத்தான் இருக்கின்றன. ஆனால் அந்தக் கூடைப்பந்துப் பயிற்சியை மறுபடி படித்துப் பாருங்கள். அதில் கண் மட்டுமா இருக்கிறது? நிதானமான ஒரு முன்தயாரிப்பு இருக்கிறது, ஒவ்வொரு முறையும் மாறாத வரிசை இருக்கிறது, மனத்தை நிரப்புகிற ஒரு சொல் இருக்கிறது, மூச்சுக்கு அவகாசம் இருக்கிறது. இதில் எது வேலை செய்தது? சீட்டுக் குலுக்கிப் பிரிக்காத அணிகளை ஒப்பிட்டு இதற்கு விடை சொல்ல முடியாது. இந்தத் துறையின் பல ஆய்வுகளில் பங்கேற்பாளர்கள் பத்துப் பேர், இருபது பேர். சிறந்த வீரர்கள் எண்ணிக்கையில் குறைவு என்பது நியாயமான சாக்கு. சாக்கு என்பதும் உண்மை.

காரணம் பற்றிய சண்டைக்கு வருவோம். விக்கர்ஸின் விளக்கம், அந்த நிறுத்தத்தில் மூளை அசைவை முன்கூட்டியே வகுத்துக்கொள்கிறது என்பது: எவ்வளவு விசை, எந்தத் திசை, எந்தக் கணம். கடினமான அடிக்கு நிறுத்தம் நீள்கிறது என்ற பில்லியர்ட்ஸ் முடிவு இதற்கு ஒத்துப்போகிறது. ஆனால் 2016இல் விக்கர்ஸின் விரிவான கட்டுரைக்குப் பல ஆய்வாளர்கள் எழுதிய எதிர்வினைகளில் ஒரு சங்கடமான கேள்வி எழுந்தது. திறமை கூடினால் மூளைக்கு வேலை குறைய வேண்டும். கை தானாகப் போக வேண்டும். அப்படியிருக்கத் தேர்ந்தவருக்குத்தான் வகுத்துக்கொள்ள அதிக நேரம் வேண்டியிருக்கிறது என்றால் எப்படி? டெரெக் மானும் கூட்டாளிகளும் இதைத் திறனின் முரண் என்று குறிப்பிட்டார்கள்.

பெர்ன் பல்கலைக்கழகத்தின் ஆன்ட்ரே குளோஸ்டர்மன் குழு இதற்கு ஒரு வழி காட்டியது. அவர்கள் நிலைப்பார்வையின் நீளத்தைத் தாங்களே மாற்றிச் சோதித்தார்கள். வெறுமனே அளப்பதைவிட இது ஒரு படி மேல். பணி எளிதாக இருந்தபோது நீளம் எந்த வித்தியாசமும் செய்யவில்லை, சிக்கலானபோதுதான் உதவியது. தேர்ந்தவருக்கு ஒரே வேலையைச் செய்ய நூறு வழிகள் தெரியும். அவற்றில் தொண்ணூற்றொன்பதை ஒதுக்கித் தள்ளுவதற்கே அந்த நேரம் தேவைப்படுகிறது என்று பிறகு அவர்கள் வாதிட்டார்கள். அழகான யோசனை, ஆனால் ஒதுக்கித் தள்ளுவதை நேரடியாக அளக்க இன்னும் வழியில்லை.

ஜெர்மானோ கல்லிக்கியோவும் கிறிஸ்டஃபர் ரிங்கும் அடித்தளத்தையே ஆட்டிப் பார்த்தார்கள். கண்ணைச் சுற்றி மின்முனைகளை ஒட்டி, கோல்ஃப் ‘பட்’ அடிக்கும்போது கண் எவ்வளவு அசைகிறது என்று பதிவு செய்தார்கள். தேர்ந்தவர்களின் கண், அசைவு தொடங்கிய பிறகுதான் அதிகம் அடங்கியிருந்தது. அந்த அடக்கத்தின் நீளம் மட்டையை வீசுகிற நேரத்தோடு சேர்ந்து நீண்டது. அதாவது, நிதானமாக வீசுபவருக்குத் தலை அசையாமல் இருக்க வேண்டும், தலை அசையாவிட்டால் கண்ணும் அசையாது. கண் கையை நடத்துகிறது என்ற கதையை, உடம்பு அடங்கியதால் கண்ணும் அடங்கியது என்று திருப்பிப் படிக்கலாம். 2015 மாஸ்டர்ஸ் போட்டியில் ஜெயித்த ஜோர்டன் ஸ்பீத், குறைந்த தூரத்து ‘பட்’களில் பந்தைப் பார்க்காமல் குழியைப் பார்த்தபடியே அடிப்பவராக அப்போது பேசப்பட்டார். பந்தின் பின்பக்கத்தில் கண்ணை ஊன்று என்ற பாடத்துக்கு எதிரான நடைமுறை. ஆனாலும் தலை அசையவில்லை, வீச்சு நிதானமாகவே இருந்தது.

இன்னொரு பழைய சிக்கலும் இருக்கிறது. கண் இருக்கிற இடத்தில் கவனம் இருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை. கண்ணை அசைக்காமலே கவனத்தை மட்டும் பக்கவாட்டுக்கு நகர்த்தலாம் என்பதை ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே கவனித்தார்; மைக்கேல் போஸ்னர் 1980இல் சோதனையால் நிலைநிறுத்தினார். வளையத்தையே வெறித்துக்கொண்டு, பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்திருக்கும் தேர்வாளரை நினைத்துக்கொண்டிருக்கும் வீரரைக் கருவி ‘நிலைப்பார்வை: சிறப்பு’ என்றுதான் பதிவு செய்யும். எல்லாப் பயிற்சியாளரும் எடுத்துக்காட்டும் அர்ஜுனன் கதையில், துரோணர் சீடர்களின் கண்ணைப் பார்க்கவில்லை. என்ன தெரிகிறது என்று வாயால் கேட்டார். (மூலத்தில் அவன் சொல்வது பறவையின் தலை மட்டும் தெரிகிறது என்று, கண் என்பது பிற்காலத்துச் சொல்வழக்கில் ஏறியது.) கேட்டுத் தெரிந்துகொள்வது அறிவியலுக்குக் கறாராக இல்லாமல் இருக்கலாம், ஆனால் அவர் கேட்டது சரியான கேள்வி. கவனத்தைத் தன் கைகால் மேல் வைக்காமல், அசைவின் விளைவின் மேல் வைத்தால் திறமை கூடும் என்று கேப்ரியேலே வுல்ஃப் 1990களின் இறுதியிலிருந்து பல பணிகளில் காட்டிவருகிறார். வளையத்தின் ஓரிடத்தில் கண்ணை ஊன்றச் சொல்வது, முழங்கையை மறக்கச் சொல்வதற்கான நாசூக்கான வழியாகவும் இருக்கலாம்.

இத்தனையும் படித்த பிறகு எனக்குப் படுவது இது. நீண்ட நிலைப்பார்வை தேர்ச்சியின் நம்பகமான அடையாளம்; தேர்ச்சியின் ஒரே காரணம் என்று சொல்ல ஆதாரம் போதாது. சாதாரண நாளில், பழகிய கைக்கு அதன் நீளத்தால் ஆகப்போவது கொஞ்சம்தான். நெருக்கடியில், கவனம் ஆபத்தின் பக்கம் ஓடப் பார்க்கும் நேரத்தில், அதைக் கட்டிப்போட ஓரிடம் கொடுப்பதால் அது பலன் தருகிறது. பயத்லானும் பெனால்டியும் சொல்வது அதைத்தான். எனவே ஒரு பயிற்சியாளர் ‘இத்தனை மில்லிவிநாடி பார்’ என்று ஸ்டாப்வாட்ச் எடுப்பதைவிட, ஆட்டக்காரரின் உடம்பு எந்தக் கணத்தில் பார்க்க வழிவிடுகிறது என்று கண்டுபிடித்து அந்தக் கணத்துக்கு ஒரு பழக்கத்தை உண்டாக்குவது மேல். ஸ்பீத்துக்கும் ஜோர்ஜினியோவுக்கும் பாடப்புத்தக விதியைத் திணித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தால் போதும்.

அறுவைசிகிச்சை முடிச்சுப் போடப் பழகும் மருத்துவர்களிடமும் நிலைப்பார்வைப் பயிற்சி சோதிக்கப்பட்டிருக்கிறது. ஆனால் பதக்க மேடைக்கு வெளியே இது போய்ச் சேர்ந்த இடங்களில் முக்கியமானது, உடலசைவு ஒருங்கிணைப்பில் சிரமப்படும் குழந்தைகள். பந்தை எறிந்தாலும் தப்பும், பிடித்தாலும் நழுவும், அதனாலேயே மைதானத்தில் யாரும் அணியில் சேர்த்துக்கொள்ளாத பிள்ளைகள். எக்ஸிடர் குழுவினர், சுவரில் எறிந்து பிடிக்கும் பயிற்சியில், எறியும் முன் சுவரில் ஓரிடத்தைப் பார்க்கவும் திரும்பி வரும் பந்தைக் கண்ணால் விடாமல் பிடித்துக்கொள்ளவும் வீடியோ காட்டிச் சொல்லிக்கொடுத்தார்கள். 2015இல் வந்த அந்த ஆய்வில், கைகளை எப்படி வைக்க வேண்டும் என்று கற்ற குழந்தைகளைவிட, எங்கே பார்க்க வேண்டும் என்று கற்ற குழந்தைகள் பந்தை நேர்த்தியாகப் பிடித்தார்கள். ஆறு வாரம் கழித்துச் சோதித்தபோதும் அது நின்றது. காரணத்தைப் பற்றி ஆய்வாளர்கள் இன்னும் முட்டிக்கொண்டிருக்கட்டும். பள்ளி விளையாட்டு ஆசிரியர் இதைச் செய்துபார்க்கக் கருவி எதுவும் வாங்க வேண்டியதில்லை. ஒரு டென்னிஸ் பந்தும் சுவரும் போதும்.